ஜப்பானியக் கலைகளைத் தம் கையால் செய்து பார்த்தல்: பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜப்பானுக்குப் புறப்படும் உறவினர்களும் நண்பர்களும் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், விடைகளை ஒரே இடத்தில் எழுதி வைத்தேன். கோயில்களையும் கோட்டைகளையும் பார்ப்பதோடு நில்லாமல், தேநீர் கடைவது, காகிதம் வார்ப்பது, துணிக்குச் சாயம் ஏற்றுவது, மண் வனைவது போன்ற ஏதேனும் ஒன்றைத் தம் கையால் செய்து பார்க்க விரும்புவோருக்கு இவை பயன்படும்.

இத்தகைய வகுப்புகளை எந்தப் பெயரில் தேட வேண்டும்?

‘தைக்கென்’ என்பதே அங்கு வழங்கும் சொல். உடல் என்னும் பொருளுடைய ஓர் எழுத்தும், சோதித்தறிதல் என்னும் பொருளுடைய ஓர் எழுத்தும் சேர்ந்து உருவான சொல் அது. ஒரு பட்டறையின் பலகையிலோ அருங்காட்சியகத்தின் அறிவிப்பிலோ இந்தச் சொல் இருந்தால், அங்கே வெளியார் உட்கார்ந்து செய்து பார்க்கலாம் என்று கொள்ளலாம். பெரும்பாலானவை ஒரு மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சுற்றுலா நிறுவனங்கள் விற்கும் வகுப்புகளைவிட, ஊராட்சியோ நகராட்சியோ நடத்தும் கைவினைக் கூடங்களில் கட்டணம் பெரும்பாலும் குறைவு. ஆனால் அங்கே ஆங்கிலம் பேசுவோர் இருப்பார்கள் என்று எதிர்பார்த்துச் செல்லக் கூடாது.

ஒன்றரை மணி நேரத்தில் உண்மையில் எதைக் கற்றுக்கொள்ள முடியும்?

தொழிலைக் கற்க முடியாது. பத்தாண்டுகள் அதிலேயே இருப்பவர்களே தம்மை மாணவர் என்று சொல்லிக்கொள்ளும் துறைகள் இவை. கிடைப்பது வேறொன்று. சக்கரத்தின் நடுவில் மண்ணை நிறுத்த முயன்று, அது நான்கு முறை கையை மீறிச் சாய்ந்ததைக் கண்டவர், அடுத்த கடையில் இருக்கும் சாதாரணக் கிண்ணத்தின் விளிம்பை வேறு கண்ணால் பார்ப்பார். விலையைப் பார்த்து முகம் சுளிப்பதும் குறைந்துவிடும். ஆகவே, எடுத்துச் செல்லும் பொருள் அழகாக வருமா என்பதை முதன்மையாகக் கொள்ளாமல், தொழிலின் எந்தப் படியை நம் கையில் தருகிறார்கள் என்று கேட்டுத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஏற்கெனவே செய்து முடித்த விசிறியில் வண்ணம் மட்டும் பூசச் சொல்லும் வகுப்புக்கும், கூழிலிருந்து ஒரு தாளை எடுக்கச் சொல்லும் வகுப்புக்கும் கட்டணம் ஒன்றாகவே இருக்கக்கூடும்.

தேநீர்ச் சடங்கில் என்ன நடக்கும்? முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை யாவை?

‘சாதோ’ அல்லது ‘சானோயு’ எனப்படும் இந்தக் கலைக்கு இன்றுள்ள வடிவத்தைத் தந்தவர் சென் நோ ரிக்யூ (1522–1591). அவர் வழிவந்த உராசென்கே, ஒமொதேசென்கே, முஷாகோஜிசென்கே என்னும் மூன்று பள்ளிகளும் கியோட்டோவைத் தலைமையிடமாகக் கொண்டவை. பயணிகளுக்கு நடத்தப்படுவது பெரும்பாலும் சுருக்க வடிவம். முழுமையான ‘சாஜி’ என்னும் விருந்து, உணவும் இருவகைத் தேநீரும் சேர்ந்து நான்கு மணி நேரம் வரை நீளும்; அது வெளியாருக்கு எளிதில் கிட்டுவதில்லை.

அறைக்குள் நுழைந்ததும் சுவர் மாடத்தில் தொங்கும் எழுத்தோவியத்தையும் பூவையும் பார்க்கச் சொல்வார்கள். அந்த நாளுக்கென்று அந்த வீட்டார் தேர்ந்தெடுத்து வைத்தவை அவை. வந்தவுடன் கைப்பேசியை எடுப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். பிறகு இனிப்பு வரும். தேநீரைக் குடித்துக்கொண்டே கடிப்பதற்காக அதை மிச்சம் வைக்க வேண்டியதில்லை. அதை முழுவதும் உண்டு முடித்த வாயில்தான் மச்சா என்னும் பச்சைத் தேயிலைத் தூளின் கசப்பு இதமாக இறங்கும். கிண்ணம் முன்னால் வைக்கப்பட்டதும், வலக்கையால் எடுத்து இடது உள்ளங்கையில் அமர்த்தி, வலப்பக்கமாக இருமுறை சிறிது திருப்பி, அதன் முகப்பு நம் உதட்டுக்கு நேராக வராதபடி விலக்கிவிட்டுக் குடிக்க வேண்டும். கடைசி மிடற்றைச் சற்று ஓசையோடு உறிஞ்சுவது, குடித்து முடித்ததற்கு அடையாளம். நம் வீட்டுப் பெரியவர்கள் அதட்டக்கூடிய ஒன்று அங்கே மரியாதையாக இருக்கிறது.

அதன்பின் நாமே ஒரு கிண்ணம் கடைந்து பார்ப்போம். ஏறத்தாழ 2 கிராம் மச்சாத் தூளில், கொதித்து ஆறி 80 பாகை அளவில் இருக்கும் வெந்நீரை அரைக் குவளைக்கும் குறைவாக ஊற்றி, ‘சாசென்’ என்னும் மூங்கில் மத்தால் அடிப்பார்கள். மத்து என்று சொன்னாலும் தயிர் கடைவதுபோல் சுழற்றக் கூடாது. மணிக்கட்டை மட்டும் அசைத்து முன்னும் பின்னுமாக விரைந்து இழுக்க வேண்டும். உராசென்கே வழியில் நுரை கிண்ணம் முழுவதும் மூடும். ஒமொதேசென்கே வழியில் பிறை வடிவில் ஓரிடம் நுரையில்லாமல் விடப்படும். எந்தப் பள்ளியின் வழி என்று கேட்டால் ஆசிரியர் மகிழ்வார். மத்து ஒரே மூங்கில் துண்டை எண்பதுக்கும் மேற்பட்ட மெல்லிய பற்களாகக் கீறிச் செய்யப்படுவது. நாரா மாகாணத்தின் தகயாமா என்னும் ஊர் இதற்குப் பெயர் பெற்றது.

மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றை முன்னரே கழற்றிவிடுங்கள். உங்கள் கையில் தரப்படும் கிண்ணம் உங்கள் பயணச் சீட்டைவிட விலை மிகுந்ததாக இருக்கலாம். வாசனைத் தைலம் பூசிச் செல்லாதிருப்பதும், சுத்தமான காலுறை அணிந்திருப்பதும் எதிர்பார்க்கப்படும். நாம் செருப்போடு திரிந்து பழகியவர்கள் என்பதால், ஒரு சோடி வெள்ளைக் காலுறையைப் பையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

முழங்கால் வலியால் மண்டியிட்டு உட்கார இயலாது. தேநீர்ச் சடங்கை விட்டுவிட வேண்டியதுதானா?

தேவையில்லை. 1872இல் கியோட்டோவில் நடந்த கண்காட்சிக்கு வெளிநாட்டினர் வருவார்கள் என்று எண்ணி, உராசென்கேயின் பதினொன்றாம் தலைவரான கென்கென்சாய், மேசை நாற்காலியில் அமர்ந்து நடத்தும் ‘ர்யூரெய்’ முறையை அப்போதே வகுத்துவிட்டார். எனவே நாற்காலி கேட்பது சலுகை கேட்பதாகாது. அதுவும் மரபின் ஒரு பகுதியே. முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். பாய் விரித்த அறையிலும், தொடக்க வணக்கம் முடிந்ததும் ‘வசதியாக உட்காருங்கள்’ என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். சம்மணம் போட்டு உட்கார்ந்து பழகிய நமக்கு அது எளிது. ஆனால் பாதங்களை எவர் பக்கமும் நீட்ட வேண்டாம்.

எல்லாவற்றையும் கியோட்டோவிலேயே செய்துவிடலாமா?

செய்யலாம்; கியோட்டோவில் கிடைக்காத வகுப்பு அரிது. ஆனால் ஒரே நாளில் காலையில் கிமோனோ, நண்பகலில் தேநீர், மாலையில் எழுத்துக்கலை என்று அடுக்கிக்கொண்டு ஓடியவர்கள் திரும்பி வந்து சொல்லும் கதை எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு தொழில் எந்த மண்ணில் எந்தத் தண்ணீரால் வளர்ந்ததோ அந்த ஊருக்கே சென்று ஒன்றை மட்டும் செய்வது என் பரிந்துரை. காகிதத்துக்கு மினோவும் எச்சிசென்னும், அவுரி நீலத்துக்குத் தொகுஷிமா, மண்பாண்டத்துக்கு மஷிகோ, ஷிகரகி, பிசென், எழுதும் மைக்கு நாரா, தங்கத் தகட்டுக்குக் கனசாவா. இவற்றில் மஷிகோவுக்கு டோக்கியோவிலிருந்தும், நாராவுக்குக் கியோட்டோ, ஒசாகா ஆகிய இரண்டிலிருந்தும் ஒரே நாளில் போய்த் திரும்பலாம்.

கனசாவாவைப் பற்றி ஒரு சொல். ஜப்பானின் தங்கத் தகடு கிட்டத்தட்ட முழுவதும் அந்த ஒரே ஊரில்தான் அடிக்கப்படுகிறது. தகட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. வகுப்பில் அதை மூங்கில் இடுக்கியால் எடுத்து ஒரு பெட்டியின் மேல் படியவைக்கச் சொல்வார்கள். தஞ்சாவூர் ஓவியம் செய்து பார்த்தவர்களுக்குத் தங்கத் தாளைக் கையாளும் கவனம் பழகியிருக்கும். ஆனால் இந்தத் தகடு மூச்சுக் காற்றுக்கே சுருண்டுவிடும்.

காகிதம் செய்யும் வகுப்பில் என்ன செய்ய வேண்டியிருக்கும்? அது சிறுபிள்ளை விளையாட்டுப்போல் இருக்குமா?

அஞ்சலட்டை அளவில் வார்த்து, இலையையும் பூவையும் பதித்துத் தரும் எளிய வகுப்புகள் சிறுவர்களுக்கு ஏற்றவை. பெரியவர்கள் முழுத் தாள் எடுக்கும் வகுப்பைக் கேட்டுப் பெற வேண்டும்.

‘வாஷி’ என்னும் ஜப்பானியக் காகிதத்துக்கு முதன்மையான மூலப்பொருள் ‘கோசோ’ என்னும் காகித முசுக்கட்டையின் உட்பட்டை. குளிர்காலத்தில் கிளைகளை வெட்டி, ஆவியில் வேகவைத்து, பட்டையை உரித்து, காரநீரில் கொதிக்கவைத்து, ஓடும் தண்ணீரில் நின்று ஒவ்வொரு கறுப்புத் துகளையும் கையால் பொறுக்கி எடுத்து, பிறகு அடித்து நாராக்குவார்கள். பயணிகளான நம் கையில் வருவது இதற்கெல்லாம் பிந்திய படி. தொட்டித் தண்ணீரில் மிதக்கும் நாரை மூங்கில் சல்லடைச் சட்டத்தால் அள்ளி, முன்னும் பின்னும் ஆட்டி, நார் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளச் செய்ய வேண்டும். தண்ணீர் உடனே வடிந்துவிட்டால் தாள் திட்டுத்திட்டாகிவிடும். அதைத் தடுக்கத் தொட்டியில் ஒரு வழவழப்பான சாற்றைக் கலக்கிறார்கள். ‘தொரொரோ-அஓய்’ என்னும் செடியின் வேரிலிருந்து வரும் அந்தச் சாறு, வெண்டைக்காய் நறுக்கும்போது கையில் ஒட்டும் கொழகொழப்பின் நெருங்கிய உறவு. செடியும் வெண்டைக்கு உறவினமே. தொட்டிக்குள் கையை விட்டதும் நம் ஊர்க்காரர்கள் எவரும் அதை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

மினோவின் காகிதத்தில் எழுதப்பட்ட 702ஆம் ஆண்டின் குடிப்பதிவேடுகள் நாராவின் ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் இருக்கின்றன. மினோவின் ‘ஹொன்-மினோஷி’யோடு, ஷிமானே மாகாணத்தின் ‘செகிஷு-பன்ஷி’யும் சைதமா மாகாணத்தின் ‘ஹொசொகவா-ஷி’யும் 2014இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. எச்சிசென்னில் காகிதத்தைக் கற்றுத்தந்த பெண் தெய்வத்துக்குக் கோயிலே உண்டு. காகிதப் பட்டறைகள் நிறைந்த பள்ளத்தாக்கில் அது நிற்கிறது. ஊரைவிட்டு வெளியே போக நேரமில்லாதவர்கள், டோக்கியோவின் நிஹொன்பாஷியில் 1653இல் தொடங்கப்பட்ட ஓசு வாஷி என்னும் காகிதக் கடையிலேயே ஒரு தாள் எடுத்துப் பார்க்கலாம்.

தொகுஷிமாவின் நீலச் சாயமும் நம் அவுரியும் ஒன்றா?

நிறப்பொருள் ஒன்று; செடி வேறு. நம்முடைய அவுரி பயறு வகையைச் சேர்ந்தது. ஜப்பானின் ‘அய்’ வேறொரு குடும்பத்துச் செடி. அதன் காய்ந்த இலையைக் குவித்து, தண்ணீர் தெளித்து, புரட்டிப் புரட்டி ஏறத்தாழ 100 நாள் மக்கவைத்துச் ‘சுகுமோ’ ஆக்குகிறார்கள். அதைச் சாம்பல் காரநீரில் கரைத்து நுண்ணுயிர்களால் புளிக்கவைத்த தொட்டியில்தான் துணியை முக்குவோம். வெளியே எடுக்கும்போது துணி பசுமஞ்சளாக இருக்கும்; கண்முன்னே காற்றுப் பட்டுப்பட்டு நீலமாகும். எத்தனை முறை சொல்லக் கேட்டிருந்தாலும், முதன்முறை பார்க்கும்போது ஒரு சிறு கூச்சல் வந்தே தீரும்.

ஒருமுறை மட்டும் முக்கியெடுத்த வெளிர்நீலத்துக்குக் ‘கமெனொசொகி’ என்று பெயர்: சாடியை எட்டிப் பார்த்தது என்று பொருள். துணி சாயத்துக்குள் இறங்கவே இல்லை, எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிட்டது என்னும் கிண்டல் அதில் இருக்கிறது. அடர்ந்த நீலம் வேண்டுமென்றால் முக்குவதும் காற்றாடவிடுவதுமாகப் பல சுற்றுகள் தேவை. தொகுஷிமாவுக்கு அருகில் உள்ள அய்சுமி ஊரின் ‘அய் நோ யகதா’ என்னும் அவுரி அருங்காட்சியகத்தில் கைக்குட்டையிலிருந்து தொடங்கிப் பல துணிகளுக்குச் சாயமேற்றலாம். கையுறை தருவார்கள், நகக்கண்ணில் ஏறினால் நீலம் பல நாள் தங்கும்.

துணியில் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. எடோ ஆட்சிக் காலத்தில் (1603–1868) சோழமண்டலக் கரையிலிருந்து ஜப்பானுக்குக் கப்பலில் போன கோடிட்ட பருத்தித் துணியை அவர்கள் ‘சந்தொமே’ என்று அழைத்தார்கள். அந்தப் பெயர் நம் சென்னையின் சாந்தோமிலிருந்து வந்தது. அதைப் பார்த்து ஜப்பானியர் தாமே நெய்யத் தொடங்கிய ‘தோசான்’ கோட்டுத் துணியைக் கைத்தறி அருங்காட்சியகங்களில் கண்டால் சற்று நின்று பாருங்கள்.

நான் வனைந்த கிண்ணத்தைக் கையோடு எடுத்துவர முடியுமா?

முடியாது. மண் காய வேண்டும், முதற்சூடு காண வேண்டும், மேற்பூச்சு பூசி 1,200 பாகைக்கு மேல் சூளையில் வேக வேண்டும். எனவே ஒன்று முதல் இரண்டு மாதங்கள் கழித்து அஞ்சலில் வரும். வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா, அதற்கு எவ்வளவு, வழியில் உடைந்தால் என்ன என்ற மூன்றையும் மண்ணைத் தொடுவதற்கு முன்பே கேளுங்கள். அஞ்சல் செலவு சில வேளைகளில் வகுப்புக் கட்டணத்தையே மிஞ்சிவிடும். வெந்தபின் பாத்திரம் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் சுருங்கும் என்பதால், சோற்றுக் கிண்ணம் வேண்டுவோர் பெரிதாகவே வனைய வேண்டும். என் முதற்கிண்ணம் ஊறுகாய் வைக்கத்தான் உதவுகிறது.

சக்கரத்தில் வனைவது படம் எடுக்க அழகானது. ஆனால் பாதி வேலையை ஆசிரியரின் கைதான் செய்யும். கையாலேயே திரணை திரணையாக அடுக்கிச் செய்யும் ‘தெபினெரி’ முறையில் வரும் கிண்ணம் கோணலாக இருந்தாலும் முழுக்க உங்களுடையதாக இருக்கும். ஊர்களுள் மஷிகோ, மண்பாண்டக் கலைஞர் ஹமாதா ஷோஜி (1894–1978) குடியேறி வாழ்ந்து புகழ்பெற்ற ஊர். அங்கே வசந்தத்திலும் நவம்பர் தொடக்கத்திலும் நடக்கும் மண்பாண்டச் சந்தை நாட்களில் கூட்டம் மிகும். பிசென்னில் மேற்பூச்சே கிடையாது. நெருப்பும் சாம்பலும் போடும் கோலம்தான் அதன் அழகு.

உடைந்த பாத்திரத்தைத் தங்கத்தால் ஒட்டும் கின்சுகியை ஒரே நாளில் கற்றுத் தருகிறார்களே?

ஒரே நாளில் முடிவது, செயற்கைப் பசையால் ஒட்டி மேலே பொடி தூவும் எளிய வடிவம். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அதை அப்படியே சொல்லி விற்க வேண்டும். மரபான கின்சுகி, ‘உருஷி’ என்னும் மரப்பாலால் ஆவது. அது உலர்வதற்கு வெயில் உதவாது. ஈரப்பதம் மிகுந்த பெட்டிக்குள் வைத்தால்தான் இறுகும். பூசி, இறுகவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி என்று வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் செல்லும். வகுப்பில் என்ன பசை பயன்படுத்துகிறார்கள், ஒட்டிய கிண்ணத்தில் உணவு வைக்கலாமா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

உண்மையான உருஷியைத் தொடும் வகுப்பு என்றால் ஓர் எச்சரிக்கை உண்டு. முந்திரி, மா, சேராங்கொட்டை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது அந்த மரம். சேராங்கொட்டைப் பால் பட்டால் தோல் எப்படிப் பொங்கும் என்பதைக் கிராமத்துப் பெரியவர்கள் அறிவார்கள். உருஷியும் அப்படியே செய்யக்கூடும், அதுவும் ஓரிரு நாள் கழித்து. மாம்பழப் பாலோ முந்திரிக்கொட்டைத் தோலோ ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தவிர்த்துவிடுவது நல்லது.

வெளிநாட்டினர் கிமோனோ உடுத்துவதை ஜப்பானியர் தவறாக நினைப்பார்களா?

வாடகைக்குத் தரும் கடைகளை நடத்துவோரும் உடுத்திவிடுவோரும் அவர்களே. பொதுவாக மகிழ்ச்சியோடுதான் பார்ப்பார்கள். தவறு நேர்வது உடுத்தும் முறையில். இடப்பக்க மடிப்பு எப்போதும் மேலே வர வேண்டும். வலப்பக்கத்தை மேலே போடுவது இறந்தவருக்கு உடுத்தும் முறை. விடுதியில் இரவுக்குத் தரும் பருத்தி யுகாதாவுக்கும் இதே விதிதான் என்பதால், வாடகைக் கடைக்குப் போகாதவர்களும் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கிமோனோ, ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 38 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட ஒரே துணிச் சுருளை நேர்க்கோடுகளாக மட்டுமே வெட்டித் தைப்பது. பிரித்தால் மீண்டும் துணியாகிவிடும். புடவை கட்டுவோருக்கு அதன் நியாயம் உடனே புரியும். புரியாமல் வருத்துவது நடை: அடி அகலமாக வைக்க முடியாது, படி ஏறுவது மெல்லத்தான். கட்டணம் கியோட்டோவில் ஒரு நாளைக்குப் பொதுவாக 3,000 யென்னிலிருந்து 6,000 யென் வரை இருக்கும். ஒரு யென் அரை ரூபாய்க்குச் சற்று மேல். உடுத்திக்கொண்டு கியோன் பகுதிக்குப் போவோர், அங்குள்ள தனியார் சந்துகளுக்குள் நுழைய வேண்டாம். பணிக்குப் போகும் கெய்ஷாக் கலைஞர்களைப் பயணிகள் துரத்திப் படமெடுத்ததால் 2024இல் அந்தச் சந்துகள் மூடப்பட்டன. 10,000 யென் தண்டம் என்று பலகையும் இருக்கிறது.

சைவ உணவினர் சமையல் வகுப்புகளில் கலந்துகொள்ளலாமா?

மிகுந்த கவனத்தோடு கலந்துகொள்ளலாம். சிக்கல் கண்ணுக்குத் தெரியும் இறைச்சியில் இல்லை, ‘தாஷி’ என்னும் அடிப்படைச் சாற்றில் இருக்கிறது. பெரும்பாலும் அது ‘கத்சுஒபுஷி’யிலிருந்து எடுக்கப்படும், தூத்துக்குடியிலும் இலங்கையிலும் மாசி என்று சொல்லும் கருவாட்டின் ஜப்பானிய உறவு அது. ககாவா மாகாணத்தின் உதோன் நூடுல்ஸ் சாற்றில் நெத்திலிக் கருவாடு சேரும். ‘இறைச்சி இல்லை’ என்று மட்டும் கேட்டால் ‘இல்லை’ என்ற விடையே வரும். மீன் சாறும் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டும். ஜப்பானிய மொழியில் எழுதிய ஒரு சீட்டு கையில் இருந்தால் பேச்சு சுருங்கும்.

நூடுல்ஸ் செய்யும் வகுப்பில் மாவு பிசைந்து, விரித்து, வெட்டுவது வரை எல்லாமே சைவம்தான். தொட்டுக்கொள்ளும் சாற்றை மட்டும் கடற்பாசியாலோ காளானாலோ செய்யச் சொல்லி முன்பே ஏற்பாடு செய்யலாம். ‘சோபா’ என்னும் நூடுல்ஸ், வட இந்தியர் விரத நாட்களில் உண்ணும் ‘குட்டு’ மாவால் ஆனது. ஆனால் பரவலான முறையில் ஐந்தில் ஒரு பங்கு கோதுமை கலந்திருக்கும். சோபா சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால் முதன்முறை உண்பவர்கள் விழிப்பாக இருக்க வேண்டும். ‘வகாஷி’ இனிப்பு வகுப்பு நமக்கு மிகவும் பொருந்துவது: வெள்ளைக் காராமணி போன்ற பயற்றை வேகவைத்துச் சர்க்கரையோடு அரைத்த பூரணத்தைப் பூவாகவும் இலையாகவும் பிடிப்பார்கள். கொழுக்கட்டை பிடித்த கை அங்கே ஆசிரியரின் பாராட்டைப் பெறும்.

கோயிலில் தங்கித் தியானம் செய்ய வெளியாருக்கு அனுமதி உண்டா?

உண்டு. 816இல் கூகாய் என்னும் துறவி நிறுவிய கோயாசான் மலையில், ஐம்பதுக்கும் மேற்பட்ட கோயில்கள் பயணிகளுக்குத் தங்க இடம் தருகின்றன. ஒசாகாவின் நம்பா நிலையத்திலிருந்து ரயிலும், மலையடியிலிருந்து இழுவை ரயிலும் உண்டு. மாலையில் ‘ஷோஜின் ர்யோரி’ என்னும் துறவியர் உணவு கிடைக்கும்: மீனும் இறைச்சியும் இல்லை, மரபுப்படி வெங்காயமும் பூண்டும்கூட இல்லை. சைவ உணவுக்காகப் பல நாள் திண்டாடியவர்கள் அன்றிரவு வயிறார உண்பார்கள். விடியற்காலை வழிபாட்டில் உட்காரலாம். இதயச் சூத்திரம் என்னும் பௌத்த நூலின் ஏறத்தாழ 260 எழுத்துகளை மெல்லிய தாளின் கீழ் வைத்துத் தூரிகையால் படியெடுக்கும் ‘ஷாக்யோ’ செய்யலாம்.

அங்கே கற்றுத்தரும் ‘அஜிகன்’ தியானம் நம்மைச் சற்றே திகைக்கவைக்கும். தாமரைமேல், நிலவு வட்டத்துக்குள் எழுதிய ‘அ’ என்னும் ஓர் எழுத்தை நோக்கி உட்கார்வதே அந்தத் தியானம். எழுத்து இந்தியாவிலிருந்து சீனம் வழியாகச் சென்ற சித்தம் வரிவடிவில் இருக்கும். ஒலி நம் அகரமே. ஜப்பானிய எழுத்து வரிசையே அ, இ, உ, எ, ஒ என்று தொடங்குவதும் அந்த இந்திய ஒலியியல் படிப்பின் தடம்தான்.

ஜென் பௌத்த மரபின் ‘சாசென்’ தியானம் வேறு வகை (பெயர் தேநீர் மத்தைப் போல ஒலித்தாலும் எழுத்தும் பொருளும் வேறு). ஃபுகுய் மாகாணத்தில் தோகென் என்னும் துறவி 1244இல் நிறுவிய எய்ஹெய்ஜி, ஜென்னின் சோதோ பிரிவுக்குரிய இரு தலைமை மடங்களுள் ஒன்று. அங்கே சுவரைப் பார்த்து உட்கார்வார்கள். ரின்சாய் பிரிவில் அறையின் நடுவை நோக்கி உட்கார்வார்கள். ஓர் ஊதுவத்தி எரியும் நேரமே ஓர் அமர்வு என்பது பழைய கணக்கு, ஏறத்தாழ 40 நிமிடம். பயணிகளுக்குப் பெரும்பாலும் சுருக்குவார்கள். துறவி தோளில் தட்டும் பலகையைக் கண்டு அஞ்ச வேண்டாம். தூக்கத்தையும் இறுக்கத்தையும் போக்குவதற்கான அந்தத் தட்டு, பயணியர் அமர்வுகளில் கைகூப்பிக் கேட்டவர்களுக்கே பொதுவாகக் கிடைக்கும்.

எழுத்துக்கலை வகுப்பில் என் பெயரை எழுதித் தருவார்களா?

பிறமொழிப் பெயர்களை எழுதப் பயன்படும் கதகானா எழுத்தில் எழுதித் தருவார்கள். ஆனால் அந்த மொழியில் ல, ள, ழ, ர, ற அனைத்துக்கும் ஒரே வரிசை எழுத்துகள்தான். கமலா அங்கே ‘கமரா’ ஆவார்; மலர்விழி ‘மரருவிரி’ ஆவார். பெயரின் பொருளைச் சொல்லி, அதற்கு ஈடான ஒரு சீன எழுத்தைக் கேட்பது இதைவிட நல்ல வழி: மலர், ஒளி, நிலவு, மலை என்று நம் பெயர்களில் பொருள் நிறைந்திருப்பதால் ஆசிரியருக்கும் அது சுவையான வேலை. ஒரே எழுத்தை இருபது முறை எழுதவைப்பவரே நல்ல ஆசிரியர். குளிர்மாதங்களில் நாராவுக்குச் செல்வோர், கரிப்புகையும் பசையும் சேர்த்துப் பிசைந்த இளஞ்சூடான மையை உள்ளங்கையில் இறுகப் பிடித்து, தம் விரல் தடம் பதிந்த மைக்கட்டியாகப் பெறும் ‘நிகிரி-சுமி’யைத் தேடிப் பாருங்கள். அந்தப் பசை விலங்குத் தோலிலிருந்து வருவது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குழந்தைகளோடு போகிறோம். எது பொருந்தும்?

ககாவாவில் உதோன் மாவை உறையில் இட்டுக் காலால் மிதித்துப் பிசையும் வகுப்பு. பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டே மிதிப்பார்கள். கிஃபு மாகாணத்தின் குஜோ ஹச்சிமானில், உணவகக் கண்ணாடிப் பேழைகளில் வைக்கும் போலி உணவைச் செய்யும் வகுப்பு. அந்தத் தொழிலைப் பெருக்கிய இவசாகி தகிசோவின் சொந்த ஊர் அது. உருகிய மெழுகைத் தண்ணீரில் விட்டு இழுத்தால் கீரை இலைபோல் விரியும். அடுத்து, தகசாகியின் தருமா பொம்மைக்கு முகம் எழுதுவது. தருமா என்பவர் போதிதருமரே. அவரைத் தென்னிந்திய அரச குமாரர் என்று சீன மரபு சொல்லும், காஞ்சிபுரத்தோடு இணைக்கும் மரபும் உண்டு. உறுதியான வரலாற்றுச் சான்று இல்லை. நேர்ந்துகொள்ளும்போது ஒரு கண், நிறைவேறியபின் மறு கண் என்பது வழக்கம். எனவே ஒற்றைக் கண்ணோடுதான் பொம்மை வீடு வரும்.

முன்பதிவும் கட்டணமும் இல்லாமல் கலந்துகொள்ளக்கூடியது ஏதாவது உண்டா?

கோடைகாலத் தெரு நடனம். குஜோ ஹச்சிமானில் ஜூலை நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை முப்பதுக்கும் மேற்பட்ட இரவுகள் ஆடுகிறார்கள்; ஆகஸ்ட் 13 முதல் 16 வரை விடிய விடிய. யுகாதா கட்டாயமில்லை, வட்டத்தில் எங்கு வேண்டுமானாலும் நுழையலாம். முன்னால் ஆடும் முதியவரின் கையைப் பார்த்து இரண்டு சுற்று வந்தால் அடவு பிடிபடும். கும்மி கொட்டியவர்களுக்கு ஒரே சுற்று போதும். தொகுஷிமாவின் அவா நடனத்திலும் (ஆகஸ்ட் 12 முதல் 15 வரை) வெளியாருக்கென்றே ‘நிவகா-ரென்’ என்னும் திடீர்க் குழுக்கள் உண்டு. அந்த நாட்களில் அறை கிடைப்பதுதான் கடினம்.

முன்பதிவு செய்த பின் கவனிக்க வேண்டியவை யாவை?

குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே வாசலில் இருங்கள். கால் மணி தாமதமானால் காத்திருப்பார்கள் என்பது நம் ஊர்க் கணக்கு. அங்கே ஒருவருக்காக வெந்நீரும் சாயத் தொட்டியும் ஏற்கெனவே ஆயத்தமாகிவிட்டிருக்கும். வர இயலாவிட்டால் முந்தைய நாளே தெரிவியுங்கள். அன்றே ரத்து செய்தால் முழுக் கட்டணமும் கேட்கும் இடங்கள் பல. சிறிய பட்டறைகள் தொலைபேசியில் மட்டுமே பதிவு ஏற்கும். விடுதி வரவேற்பாளரிடமோ ரயில் நிலையத் தகவல் நிலையத்திலோ கேட்டால் பேசித் தருவார்கள். சிற்றூர்களில் ரொக்கம் தேவைப்படும். அன்பளிப்புப் பணம் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. நீட்டினால் திருப்பித் தந்துவிடுவார்கள். வேலை செய்யும் கைகளைப் படமெடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வீட்டில் தொடர்ந்து செய்ய எதை வாங்கி வரலாம்?

ஒரு சாசென்னும் சிறு டப்பா மச்சாவும் போதும். கிண்ணத்துக்கு வீட்டிலுள்ள அகன்ற எந்தப் பாத்திரமும் ஆகும். மத்தை ஒவ்வொரு முறையும் முதலில் வெந்நீரில் நனைத்து மென்மையாக்கி, பயன்படுத்தியபின் சோப்பு இல்லாமல் அலசி, காற்றாடக் காயவையுங்கள். சென்னையின் மழைக்காலத்தில் மூடிய டப்பாவில் வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். மச்சாவைப் பிரித்தபின் இறுக மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, நிறம் பழுப்பதற்குள், ஒரு மாதத்துக்குள் குடித்துவிடுங்கள்.